டைனமோ மூன்றாம் முறை செத்தபோது

அந்தச் சாலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் அவள் காயிலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவளுடைய அண்ணனையும் மின்கட்டண ரசீதையும் தவிர வேறு யாரும் அதைப் புழங்குவதில்லை. கல்யாணத்துக்கு முன்பு மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் செப்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் இருந்தாள். சுற்று ஒன்று குறைந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று அங்கே பேர் எடுத்தவள். கட்டிக்கொண்டு வந்த இடத்தில் கணவருக்குத் தகரக் கொட்டகையில் பஞ்சர் கடை. ஒரு நாள் யாரோ ஒரு லாரிக்காரர் செத்துப்போன டைனமோ ஒன்றைக் கடையோரம் போட்டுவிட்டுப் போனார். சும்மா இருக்கத் தெரியாத கை அதைத் திறந்தது. உள்ளே இருந்ததும் பழகிய செப்புக்கம்பிதான். பிரித்தாள், சுற்றினாள், மறுபடி பூட்டினாள். அது ஓடியது. கொட்டகையில் ஒரு பாதி அதன்பிறகு அவளுடையதாகிவிட்டது.

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் கோளாறைக் கணவரிடம்தான் சொல்வார்கள். அவர் காற்றுக் குழாயாலேயே அவள் பக்கம் கை காட்டுவார். “காத்து மட்டும்தான் நம்ம இலாகா. கரண்டு எல்லாம் அங்க” என்பார். சிலர் தயங்கி நிற்பார்கள். வண்டி சரியாகிப் போனபிறகு தயக்கமும் போய்விடும். நாளடைவில் கணவரிடம் காற்றடிக்க வந்தவர்களே, “அக்கா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் டயரைக் காட்டினார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. டயர் கழற்றும் நேரத்தில் பேசிக்கொண்டிருக்க ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. பேச்சு முழுக்க அவருடையது. அவள் பக்கம் அமைதி. கொட்டகைக்கு ஒரு வாய் போதும் என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழுதான சாமானைக் கழற்றிப் புதியது மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று விடமாட்டாள். கழற்றியதைப் பிரித்து, அது எப்படிப் போயிற்று என்று பார்த்தபிறகுதான் பழைய இரும்பில் போடுவாள். எதுக்குச் செத்துச்சுன்னு தெரியாம எதையும் அடக்கம் பண்ணக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

அந்தச் சட்டத்தைச் சோதிக்கத்தான் பொறுமையின் கார் அவளிடம் வந்தது. பொறுமை என்பது டாக்சி நிறுத்தத்தில் வைத்த பட்டப்பெயர். ரயிலுக்கு நேரமாயிற்று என்று பயணி பின்னால் தவித்தாலும், “பொறுமையா போலாங்க, ரயில் நம்மள விட்டுட்டு எங்க போகும்?” என்று சொல்கிற ஆள். நாற்பது நெருங்குகிற வயது, பழைய வெள்ளைக் கார், தினமும் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பான். அந்தக் காரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்தான்.

எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று கரண்டு உண்டாக்கி, பேட்டரியை நிரப்புகிற உருளைதான் டைனமோ. கம்பெனிக்காரர்கள் ஆல்டர்நேட்டர் என்பார்கள், கொட்டகையில் டைனமோதான். காயிலக்கா கழற்றிப் பார்த்தாள். சுற்று நன்றாக இருந்தது, பேரிங் நன்றாக இருந்தது, டயோடு மட்டும் கருகியிருந்தது. கரண்டை ஒரு பக்கமாக மட்டும் போகவிட்டுத் திரும்பி வராமல் தடுக்கிற சின்ன சாமான் அது. பழைய வண்டிதானே, வயதாகிவிட்டது என்று நினைத்தாள். டயோடு தட்டையே மாற்றி, பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கி அனுப்பினாள்.

ஒரு மாதத்துக்கெல்லாம் அதே சிவப்பு விளக்கோடு கார் திரும்பி வந்தது. பிரித்தால் அதே டயோடுகள், அதே கருகல்.

“நீ போட்டது மட்டமான சரக்கா இருக்கும்” என்றார் கணவர். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்விதான். இந்த முறை வேறு டைனமோவே வாங்கி வரச் சொல்லி முழுதாக மாற்றினாள். அதற்கு முன்னால் காரைத் தலை முதல் கால் வரை சோதித்தாள். பெல்ட் அதிகமாக இறுகியிருந்தால் பேரிங் போகும். அது சரியாக இருந்தது. எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டினால் டைனமோ கெடும். மேலே காய்ந்த தூசிதான் இருந்தது. எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கிற எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினாள். பேட்டரியை நிரப்பி, சுமை கொடுத்துப் பார்த்தாள். இளவட்டம் மாதிரி நின்றது. பேட்டரி முனையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மட்டும் கையால் திருப்பினாலே அசைந்தது. போன தடவை இறுக்கியது எப்படித் தளர்ந்தது? குலுக்கலில் தளர்ந்திருக்கும் என்று நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் வளையம் ஒன்றையும் சேர்த்துப் போட்டு, ஸ்பேனரால் நன்றாக இறுக்கினாள். இனி வராது என்று பொறுமையிடம் சொன்னாள். அவள் அப்படி வாக்குக் கொடுப்பது அபூர்வம்.

வந்தது. நல்ல மழை நாளில், பிற்பகலில், தொலைபேசி வழியாக வந்தது. பின் இருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதான தம்பதி. சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்து, மழைத்துடைப்பான் நோயாளி கையசைப்பது போல மெதுவாக ஆடுகிறது என்றான் பொறுமை. அவன் குரலில் பட்டப்பெயருக்குப் பொருத்தமே இல்லை.

“ரேடியோ, ஃபேன் எல்லாத்தையும் அணைச்சிடு. எது நடந்தாலும் எஞ்சினை மட்டும் நிறுத்தாத” என்றாள் காயிலக்கா. “பேட்டரியில மிச்சம் இருக்கிறதை வெச்சு ஓட்டுற. துடைப்பானுக்கும் விளக்குக்கும் மட்டும் செலவு பண்ணு. ஆஸ்பத்திரியில அவங்களை இறக்கிட்டு நேரா இங்க வா.”

தம்பதியை இறக்கிவிட்டான். கொட்டகைக்கு இரண்டு தெரு முன்னால் கார் நின்றுவிட்டது. கணவரும் அவனும் மழையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்சி நிறுத்தத்தில் ஏற்கெனவே அதற்கு டைனமோ தின்னி என்று பெயர் வைத்தாயிற்றாம். அதைச் சொல்லிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே பொறுமை கேட்டான்: “அக்கா, மனசுல பட்டதைச் சொல்லிடுங்க. உங்களுக்கு இது பிடிபடலைன்னா நான் வேற இடம் பாக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பானட்டைத் திறந்து, டைனமோவைத் தொடாமல், முதலில் பேட்டரியின் பக்கம் குனிந்தாள். கிளாம்ப் மறுபடி கையோடு சுழன்றது. நட்டைக் கழற்றினாள். ஸ்பிரிங் வாஷரைக் காணவில்லை.

நட்டு தானாகத் தளரலாம். நட்டு இருக்கும்போதே அதற்கு அடியில் இருக்கிற வாஷர் தானாக எழுந்து போகாது. யாரோ நட்டை முழுதாகக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அவள் இன்னும் குனிந்தாள். பேட்டரியின் ஈய முனையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். முதலை வாய் மாதிரி கடிக்கிற கிளிப் போட்டால் விழுகிற தடம். பேட்டரியைத் தூக்கினாள். அடியில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது.

பேட்டரியை யார் கழற்றியது என்று கேட்டாள். பொறுமைக்குக் கோபம் வந்துவிட்டது. பானட்டைத் திறந்தே பல நாளாயிற்று, தான் எதற்குப் பொய் சொல்லவேண்டும் என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவன் அவ்வளவு முகம் சிவக்கமாட்டான்.

“சரி, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது எப்படி இருக்கு?”

“முக்கால்வாசி நாள் ஒரே தட்டுல எடுத்துக்கும். சில நாள் மட்டும் முனகும்.”

“எந்த நாள்?”

அவன் யோசித்தான். ஒரு நாள், பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதியதற்கு மறுநாள். இன்னொரு நாள், மின்விசிறி ஓடாமல் யாருமே சரியாகத் தூங்காமல் எழுந்த காலை. நேற்று காலையும் முனகியது. நேற்று முன்தினம் மாலை அவள் கொட்டகையிலும் கரண்டு இல்லை. டைனமோவைச் சுழற்றிப் பார்க்கிற மோட்டார் ஓடாமல், கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் முழுவதும் பழைய கேபிளை மாற்றுகிறார்கள். இருட்டுகிற நேரத்தில் கரண்டை நிறுத்தினால் விடியும்போதுதான் விடுவார்கள். கார் முதல் தடவை வந்த வாரத்திலும், இரண்டாம் தடவை வந்த வாரத்திலும் அவள் இப்படித்தான் கடையைச் சீக்கிரம் சாத்தினாள்.

வீட்டில் கரண்டு போனால் காரின் பேட்டரி காலியாகிறது. அவ்வளவு தூரம் கணக்கு வந்துவிட்டது. கார்ச் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டாள். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் என்றான்.

“உன் வீட்டைப் பாக்கணுமே” என்றாள்.

“காருக்கு வைத்தியம் பண்ண வீடு எதுக்குக்கா?”

“கார் நிக்கிற இடத்தைப் பாக்கணும்.”

இதுவும் பொய் இல்லை.

மறுநாள் முற்பகலில் போனாள். குறுகலான சந்து, கீழ்த்தள வீடு, பக்கவாட்டுக் கதவை ஒட்டிக் கார் நிற்கிற இடம். பொறுமையின் மனைவி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். அவனுடைய மாமனார் மட்டும் இருந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு மகளோடு வந்துவிட்டார் என்று பொறுமை வழியிலேயே சொல்லியிருந்தான். பெரியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தோள்பையிலிருந்த ஸ்பேனர்களைப் பார்த்ததும் போய் உள் அறைத் திரையை இழுத்து மூடினார்.

கார் நிற்கிற இடத்துச் சேற்றில் போடப் பலகை வாங்கிவரப் பொறுமை பக்கத்து வீட்டுக்குப் போனான். அவள் பக்கவாட்டுக் கதவருகே நின்றாள். வாசற்படியின் இடுக்கில் மரத்தூள். உள் அறையில் திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து, ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டிக்’. சூடு ஏறினால் கரண்டை நிறுத்தி, இறங்கினால் விடுகிற சாதனத்தின் சத்தம் அது. அவளுக்கு அதைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை.

“ஐயா,” என்றாள் தணிந்த குரலில். “பேட்டரியை ஸ்பேனர் இல்லாம கையாலயேதான் மாட்டறீங்களா?”

பெரியவர் மறுக்கவில்லை.

“கழட்ட மட்டும் துணி சுத்தி ஸ்பேனர் போடுவேன்; விடியறப்ப மாட்டும்போது போட்டா சத்தம் கேக்கும்மா. மாப்பிள்ளை அலைஞ்சுட்டு வந்து தூங்கறவர். அந்த வளையம் ஒண்ணு வேற கைநழுவி எங்கயோ விழுந்துடுச்சு. தேடிப் பாத்தேன், கிடைக்கல.”

திரையை விலக்கிக் காட்டினார். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, மூடியில் கண்ணாடித் துண்டு பதித்திருந்தது. உள்ளே சின்ன பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், மரத்தூள் படுக்கையில், புள்ளி போட்ட காடை முட்டைகள். பக்கத்தில் ஒரு குட்டி இன்வெர்ட்டர். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்புகள் தொங்கின.

பொரிக்க வைப்பது இது மூன்றாவது தடவை என்றார். வீட்டுக்குள் பிராணி எதுவும் வேண்டாம் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார், மகளுக்கும் பயம். ஆனால் பகல் முழுக்க அந்த வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. முதல் ஈட்டு முட்டைகள் சூடு போய்க் கெட்டன. அடுத்த தடவையிலிருந்து கரண்டு போனதும் எல்லோரும் தூங்கக் காத்திருந்து பேட்டரியைக் கொண்டுவந்தார். வெளுக்கும் முன்பு திருப்பி வைத்தார். இரண்டாம் ஈடு ஏறக்குறைய முடிகிற தறுவாயில், பேட்டரி பாதியில் இறங்கி அதுவும் போயிற்று.

“வாழ்க்கை முழுக்க ஒரு பெட்டிக்குள்ள நின்னு ஆளுங்களை ஏத்தி இறக்கினேன். பெட்டி இல்லாம இருக்க முடியல போல” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு, “கார் கெட்டதுக்கு இதுதான் காரணமா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றாள். அந்த ஆமாமைச் சொல்லும்போது அவளுக்குள் இரண்டும் சேர்ந்து வந்தன. விடை கிடைத்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. மாப்பிள்ளையிடம் தான் சொல்லப்போவதில்லை என்றாள். “நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”

பொறுமை பலகையோடு உள்ளே வந்தான். பெரியவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவன் பலகையைக் கீழே வைக்கவே இல்லை. முகம் கறுத்தது. மழையில் கார் தள்ளியது, ஆஸ்பத்திரித் தம்பதி, டாக்சி நிறுத்தத்துக் கேலி எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக வந்து போயின. அவன் வாயைத் திறந்தபோது காயிலக்கா கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றாள்.

“பேட்டரியை நீங்களா தூக்குனீங்க?” என்றான். “தனியா?”

பெரியவர் தலையாட்டினார்.

“அன்னைக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு தைலம் கேட்டீங்களே. இதுக்குத்தானா?”

அதற்கும் தலையாட்டல்தான்.

“நான் தூக்கினாலே மூச்சு வாங்குது மாமா. இடுப்பு போயிருந்தா உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?” பலகையைச் சுவரில் சாய்த்தான். பிறகு அவன் மேஜைக்குப் போய், கண்ணாடித் துண்டு வழியாகக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “இது எப்போ பொரியும்?” என்றான்.

அடுத்த வாரம் என்றார் பெரியவர்.

“கரண்டு போனா?”

இருவரும் ஒரே சமயத்தில் காயிலக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் அவள் காரைப் பற்றிச் சொன்னாள். எஞ்சின் ஓடுகிறவரை டைனமோ கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாங்கிக்கொள்கிற வாய் பேட்டரி. வண்டி பள்ளத்தில் குதிக்கும்போது, தளர்ந்த கிளாம்ப் கண்ணிமைக்கிற நேரம் தொடாமல் போனால், தள்ளிய கரண்டு போக இடமில்லாமல் திரும்பி டயோடையே அடிக்கும். போதாததற்குக் காலிப் பேட்டரியை நிரப்ப, டைனமோ காலையிலிருந்து முழு மூச்சாக உழைத்துச் சூடாகிக் கிடக்கும். பட்ட காலிலே படும் என்பது போல, அடி அங்கேயே விழும். மாமனார் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்து.

பிறகு அவள் கொட்டகைக்குப் போய், கார் கிளப்பத் தெம்பில்லாத, ஆனால் ஒரு பல்பைப் பொழுது விடியும்வரை எரிக்கக்கூடிய பழைய பேட்டரி ஒன்றையும் ஒரு சின்ன சார்ஜரையும் எடுத்துவந்தாள். கழித்துப்போட்ட வண்டியிலிருந்து, கரண்டு வழியைத் தானாக மாற்றிவிடுகிற ஒரு ரிலேவும் கொண்டுவந்தாள். கரண்டு இருக்கும்வரை பல்பு கரண்டில் எரியும். போனால் யாரும் எழுந்திருக்காமல் தானாக இன்வெர்ட்டர் வழியே பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். பெரியவர் ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். சோதித்துப் பார்க்க அவள் சுவிட்சை அணைத்தபோது பல்பு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது. அவர் லிஃப்டில் நின்ற பழக்கமோ என்னவோ, நேராக நிமிர்ந்து நின்றுகொண்டார்.

காருக்கு மறுபடி டயோடு மாற்றி, புது வாஷர் போட்டு இறுக்கினாள். அடுத்த வாரம் பொறுமை தொலைபேசியில் கூப்பிட்டான். “மறுபடி சிவப்பு விளக்கா?” என்று எடுத்தவுடன் கேட்டாள். அவன் பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தான். கீச்கீச்சென்று ஒரே சத்தம். வீட்டுக்குள் பிராணி வேண்டாம் என்ற ஆள், குஞ்சுகளுக்குக் குளிரும் என்று தன் பழைய துண்டைக் கிழித்துப் போட்டிருக்கிறானாம். போனை வாங்கி அதைச் சொன்னவள் அவன் மனைவி, சிரிப்புக்கு நடுவே.

டைனமோ அதன்பிறகு கெடவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபோதும் சிவப்பு விளக்கு எரியவில்லை. டாக்சி நிறுத்தத்தில் டைனமோ தின்னி என்ற பெயர் போய், காருக்குக் காடை வண்டி என்ற பெயர் வந்தது; பொறுமை அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டான். பெரியவர் இப்போது அதே சந்தில் இரண்டு வீடுகளுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுக்கிறார். ரிலேவில் சந்தேகம் வந்தால் நடந்தே கொட்டகைக்கு வருவார். கணவருக்கு ஒரு பேச்சுத் துணை.

காயிலக்காவிடமும் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் வண்டி வந்தால் பானட்டைத் திறக்கச் சொல்வாள், அவ்வளவுதான். இப்போது மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே விசாரணை ஆரம்பித்துவிடும். வண்டி எங்கே நிற்கிறது, சாவி யார் கையில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அப்பா என்ன செய்கிறார், தம்பிக்கு வேலை கிடைத்ததா. வந்தவர்களும் பானட்டில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்கிறார்கள்.

ஒரு நாள் அப்படி ஒருவரிடம் அவர் மச்சினன் வரைக்கும் போய்விட்டாள். டயரை உருட்டிக்கொண்டு போன கணவர் நின்றார்.

“நீ கரண்டு பாக்கறியா, இல்ல வரன் பாக்கறியா?”

“ரெண்டும் ஒண்ணுதாங்க. எங்க தொடலைன்னு பாக்கணும்” என்றாள். பிறகு வந்தவரிடம் திரும்பி, மச்சினன் அந்த வண்டியில் புதிதாக ஏதாவது பாட்டுப்பெட்டி மாட்டினாரா என்று கேட்டாள். மாட்டியிருந்தார்.